அறுபத்தொன்றாம் குச்சியில் எண்பத்து மூன்று

அத்தியாயம் 9

தைஸ்தோவுக்குப் பயம் முதலில் முழங்காலில்தான் வரும். மற்றவர்களுக்கு நெஞ்சில் அடிக்கும், வயிற்றைக் கலக்கும் என்கிறார்கள். இருபது வருடம் பனி வாரும் வண்டியின் பெடலை மிதித்த கால்கள் அவனுடையவை. அதனாலோ என்னவோ, எல்லாக் கெட்ட செய்தியும் அங்கேதான் வந்து சேரும். இப்போது காருக்குள் உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால் இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

வெளியே குர்க்கி ஏரி வெள்ளையாகக் கிடந்தது. ஆறு வந்து விழும் மூலையில் எந்த வருடமும் பனிக்கட்டி ஒழுங்காக இறுகாது. அங்கே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்குப் பத்தடி இந்தப் பக்கம் ஒரு ஜோடி ஸ்கீ, பனியில் குத்தி நிறுத்தி வைத்திருந்தது. ஆரஞ்சு உடுப்புப் போட்ட முக்குளிப்பவர்கள் இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கீ வியெனோவுடையது. ஹங்கவாரா ஊரில் முப்பது வருடமாகப் பனி அளப்பவள். மாதம் பதினாறாம் தேதி ஆனால் போதும். வயல், பைன் காடு, ஸ்ப்ரூஸ் காடு, சதுப்பு என்று ஊரைச் சுற்றி வரும் ஒரு கோட்டில் நடப்பாள். ஐம்பது மீட்டருக்கு ஒரு சிவப்புக் குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் அளவுகோலைப் பனிக்குள் இறக்கி, எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதுவாள். எழுபது குச்சி, எழுபது எண். நேற்றுக் காலை போனவள் திரும்பவில்லை.

"அக்கா, காபி ஆறுது" என்றான் தைஸ்தோ.

ஹில்யா மொய்லனன் நிமிரவில்லை. கயானி நகரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அதற்கு முன்னால் தபால்காரி. தைஸ்தோ பனி வாரும் வண்டியால் மூன்று தபால்பெட்டிகளை இடித்து வேலையை இழந்தான். மூன்றாவது பெட்டி ஹில்யாவுடையது. அந்தப் பெட்டிக்கு ஈடாகத்தான் அவள் தன்னை வேலைக்கு எடுத்துக்கொண்டதாக அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவள் மடியில் வியெனோவின் நோட்டு. இன்று காலை அந்த ஸ்கீக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்டெடுத்தவர் கௌகோ ஹெர்கோனன், ஏரிக்கு அக்கரைக்காரர்.

"முங்கிட்டாங்கன்னு ஊரே சொல்லுது" என்றான் தைஸ்தோ.

"தண்ணிக்குள்ள இருந்தா அவசரமில்லப்பா. தரையில இருந்தா நாலு மணி வரைக்கும்தான் டைம். நாலரைக்கு இருட்டிடும். ராத்திரி மைனஸ் இருபத்தேழுங்கிறான் ரேடியோக்காரன். ஒரு ராத்திரி தாங்கியிருப்பா. ரெண்டாவது தாங்க மாட்டா."

"தரையிலன்னா எங்கே?"

"எண்ணைப் படி. அறுபதுல இருந்து."

தைஸ்தோ படித்தான். "அறுபது, ஸ்ப்ரூஸ், முப்பத்தெட்டு. அறுபத்தொண்ணு, ஸ்ப்ரூஸ், எண்பத்து மூணு. அறுபத்திரண்டு, நாப்பது. அறுபத்து மூணு, நாப்பது. அப்புறம் நாப்பத்தஞ்சு, இருபது, இருபது... எழுபது வரைக்கும் இப்படியேதான்."

"என்ன தெரியுது?"

"அஞ்சாம் வாய்ப்பாடு தெரியுது."

"முன்னாடி பக்கத்துல நாப்பத்தொண்ணு, ஐம்பத்தெட்டு, இருபத்தேழு. கோணல்மாணலா இருக்கும். பனி அப்படித்தான் இருக்கும். கடைசி ஒன்பது எண்ணும் அஞ்சுலயும் பூஜ்யத்துலயும் முடியுது. கோலையே கையில எடுக்காத ஆள் எழுதினது."

தைஸ்தோவின் முழங்கால் ஒரு நொடி ஆட்டத்தை நிறுத்தியது. அவன் நோட்டைத் திரும்பப் பார்த்தான். "அறுபத்து மூணுங்கிறது காட்டோரம், வயல் ஆரம்பிக்கிற எடம்தானே? அங்க நாப்பதா? சத்தியமா இல்லக்கா. காத்து வயல்ல இருக்கிற பனியையெல்லாம் வாரிக்கிட்டு வரும். மரத்தைப் பார்த்ததும் அங்கயே போட்டுட்டு நிக்கும். அடியில ஒரு வாய்க்கால் வேற இருக்கு. என் வண்டி அங்க ரெண்டு தடவை மூக்கு வரைக்கும் புதைஞ்சிருக்கு."

"பார்த்தியா, உனக்கும் மூளை இருக்கு."

"இருந்துச்சு. வண்டியோட போயிடுச்சு." அவன் விரலை வைத்துக் காட்டினான். "ஆனா இந்த எண்பத்து மூணு? இது கோணல் எண். அவங்க எழுதினதாத்தான் இருக்கணும். ஆனா ஸ்ப்ரூஸுக்கு அடியில எண்பத்து மூணு எப்படி?"

ஹில்யா தலையை ஆட்டினாள். ஸ்ப்ரூஸ் மரம் குடை பிடித்தது மாதிரி. விழுகிற பனியில் பாதியைக் கிளையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். கிளையில் இருப்பதைக் காற்றும் வெயிலும் தின்றுவிடும். தரைக்கு வந்து சேருவது மிச்சம்தான். சுற்றிலும் முப்பது, முப்பத்தைந்து இருக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் மட்டும் எண்பத்து மூன்று என்றால், குடைக்குள் நிற்பவன் தெருவில் நிற்பவனைவிட நனைந்துவிட்டான் என்று சொல்வதுபோல.

"பேனா வழுக்கியிருக்கும்" என்றான் தைஸ்தோ.

"முப்பது வருஷத்துல அவளுக்கு வழுக்கல." அவள் நோட்டைப் பின்னுக்குப் புரட்டினாள். ஜனவரிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது. அந்த மாதம் வியெனோ காய்ச்சலில் படுத்திருந்தாள், வேறு யாரோ நடந்தார்கள் என்று கடைக்காரி சொல்லியிருந்தாள். ஹில்யா நோட்டை மூடினாள். இறங்கிப் போய் நோட்டைக் கரையில் நின்ற காவலர் கையில் கொடுத்தாள். அவரிடம் ஏதோ நாலு வார்த்தை பேசினாள். அவரிடமிருந்து வாங்கி வந்த சர்க்கார் அளவுகோல் ஒன்றைத் தைஸ்தோவிடம் கொடுத்துவிட்டு, பையில் கம்பளியையும் ரொட்டியையும் பிளாஸ்க்கையும் திணித்தாள்.

"கிளம்பு. அறுபத்தொண்ணாம் குச்சிக்குப் போறோம்."

*

காட்டுச் சாலை ஐம்பதாம் குச்சியில் முடிந்தது. காரிலிருந்து ஸ்கீயை இறக்கும்போது பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. கௌகோ ஹெர்கோனன். சிவந்த முகம், பெரிய கை, இடுப்பில் கோடாலி.

"ரெண்டு பேரும் தனியாவா போறீங்க? வழி தவறிடும்" என்றார். "ஏரியில எனக்கு வேலை முடிஞ்சுது. நான் முன்னாடி போறேன்."

தைஸ்தோவுக்கு அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது. காடு என்றாலே அவனுக்கு ஆகாது. சாலை என்றால் இரண்டு பக்கமும் கம்பம் உண்டு, எங்கே முடியும் என்று தெரியும்.

"கோடாலி எதுக்கு அண்ணே?"

"குறுக்க கிளை கிடந்தா வெட்டணும்ல."

"வாங்க கௌகோ, நல்லதாப் போச்சு" என்றாள் ஹில்யா. "நீங்க முன்னாடியே போங்க. எனக்கு உங்க முதுகு தெரிஞ்சுக்கிட்டே இருந்தா தைரியமா இருக்கும்."

நுழைந்த மாத்திரத்தில் சத்தம் செத்துப்போனது. நேற்று மதியம் ஒரு மணி நேரம் கொட்டிய பனி எல்லாத் தடத்தையும் மூடியிருந்தது. தூரத்தில் ஒரு கிளை சுமை தாங்காமல் உதறும். பொத்தென்று ஒரு மூட்டை விழும். அப்புறம் மறுபடி ஒன்றுமில்லை. ஒவ்வொரு பொத்துக்கும் தைஸ்தோ திரும்பிப் பார்த்தான். பார்க்கும்போதெல்லாம் அங்கே யாரோ அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினது மாதிரி இருந்தது.

"அக்கா, யாரோ நம்மளைப் பார்க்கிறாங்க."

"உன் அழகுக்குப் பார்க்கத்தான் செய்வாங்க. நட."

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு. குச்சிகளைத் தாண்டத் தாண்ட ஸ்கீயின் அடியில் பனி குறைந்து கொண்டே வந்தது. வேர் தட்டுப்பட்டது. ஐம்பத்தாறாம் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ஸ்ப்ரூஸ். மூன்று பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத தடிமன். கிளைகள் பாவாடை விரித்தது மாதிரி தரை வரை இறங்கி, ஓரம் பனியில் புதைந்திருந்தது.

தைஸ்தோதான் பார்த்தான். பாவாடையின் ஒரு பக்கத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஊசியிலைகளில் மட்டும் வெள்ளை மீசை. கிளையில் விழுந்த பனி இல்லை. மெல்லிசாக, முள் முள்ளாக, மூச்சு பட்டு உறைந்த வெள்ளை. குளிரில் மனிதர்களின் தாடியில் பிடிக்குமே, அது.

அவன் ஸ்கீயை நிறுத்தினான். மரத்தடிக் குழியில் யார் மூச்சு விடுவார்கள்? குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடக்கும் அவர்தான். காட்டுக்குள் நின்று அவர் பெயரைச் சொல்லக் கூடாது.

"தேன்கையர்" என்றான், குசுகுசுவென்று. "அக்கா... உள்ள தேன்கையர் தூங்குறார்."

கௌகோ திரும்பினார். சிவந்த முகம் மாவு மாதிரி ஆனது. தூக்கத்தில் எழுப்பப்பட்ட கரடி எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதுதான் தைஸ்தோ வாழ்க்கையில் பார்க்காத ஒன்றைப் பார்த்தான். ஹில்யா பயந்தாள். துப்பாக்கியை நீட்டினவனிடம் "முதல்ல மூக்கைத் துடைடா" என்று சொன்ன ஹில்யா, "ஐயோ, ஆமா, கரடிதான்!" என்று பெயரையே உரக்கக் கத்தினாள். தோளிலிருந்த பை நழுவி மரத்தடியில் விழுந்தது. எடுக்கக்கூட இல்லை. "ஓடுங்க! கௌகோ, ஓடுங்க, நிக்காதீங்க!" என்று அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள்.

கரடியைவிட அதுதான் தைஸ்தோவை உலுக்கியது. சுவர் ஆடினால் சாய்ந்து நிற்பவன் என்ன செய்வான்? அவனும் ஓடினான். கிளை முகத்தில் அறைந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

அறுபதைத் தாண்டியதும் வானம் திறந்தது.

*

மரமே இல்லை. ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குக் காடு காணாமல் போயிருந்தது. இறங்கிப் போகும் சரிவு, மாசு மறுவில்லாத வெள்ளை. நடுவில் அறுபத்தொன்றாம் சிவப்புக் குச்சி மட்டும், வீடு இடிந்த பிறகு நிற்கும் கதவு நிலை மாதிரி. கீழே காட்டின் கடைசி விளிம்பு. அதற்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால் சாலை.

ஹில்யா மூச்சு வாங்கிக்கொண்டு தைஸ்தோவின் அளவுகோலைப் பிடுங்கினாள். குச்சிக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"எவ்வளவு?"

"எண்பத்து... நாலு."

"அதுக்கப்புறம் விழுந்தது கொஞ்சம் அமுங்கியிருக்கு. நேத்து எண்பத்து மூணு. எண் சரி தம்பி. காடுதான் தப்பு. குடையை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இரண்டு எட்டுத் தள்ளி மறுபடி இறக்கினாள். டொக். பாதியிலேயே நின்றது. கையால் பனியை வாரினாள். மேசை மாதிரி சமமாக அறுத்த அடிமரம். அதன் முகத்தில் புதுப் பிசின்.

"புயல் சாச்சிருக்கும்" என்றார் கௌகோ. குரல் மிக அமைதியாக இருந்தது.

"புயலுக்கு ரம்பம் யார் கொடுத்தாங்க?"

தைஸ்தோ மெதுவாகத் தலையைத் திருப்பினான். கௌகோவின் கை இடுப்புக்குப் போயிருந்தது. காட்டு ஓரத்திலிருந்து யாரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பயப்பட வேண்டிய ஆள்தான் இவ்வளவு நேரம் அவனுக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"இது யாரும் கோடாலி வைக்கக் கூடாத காடு" என்றாள் ஹில்யா, கடையில் விலை கேட்பவள் மாதிரி. "உங்க காட்டோட எல்லை இதுக்குப் பக்கத்துலயே முடியுது கௌகோ. டிசம்பர் அளவு முடிஞ்ச மறுநாளே வெட்டியிருக்கீங்க. குளிர்காலத்துல இங்க வர்றது வியெனோ ஒருத்திதான். ஜனவரியில அவளுக்குக் காய்ச்சல். பாவம், நான் நடக்கிறேன்னு போனது நீங்க. நடக்கவே இல்ல. வீட்டுல உக்காந்து முப்பத்தஞ்சு, நாப்பது, முப்பத்தஞ்சுன்னு எழுதிட்டீங்க. ஜனவரிப் பக்கத்துல இருக்கிற பூஜ்யமும் நேத்து கடைசி ஒன்பது எண்ணுல இருக்கிற பூஜ்யமும் ஒரே வயித்துப் பிள்ளைங்க."

"அக்கா!" தைஸ்தோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்போ கார்லயே தெரியுமா? தெரிஞ்சும் இந்தாளைக் கூட்டிட்டு வந்தியா?"

"ஏரிக்கரையில விட்டுட்டு வந்தா, நம்ம தேடுறது தெரிஞ்சு அவளுக்கு முன்னாடி இவர் போயிடுவாரே. அவ முதுகுக்குப் பின்னாடி இருக்கறதுக்கு என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

கௌகோ கோடாலியை உருவினார். "நான் அவளை அடிக்கல" என்றார். ஏதோ நியாயம் கேட்பது மாதிரி. "அடிமரத்தைப் பார்க்க ஸ்கீயைக் கழட்டி வச்சிருந்தா. கைல நோட்டு இருந்துச்சு. பிடுங்கினேன். மரத்துக்குள்ள ஓடினா. பனி கொட்டுச்சு, தடம் போச்சு. நான் ஸ்கீயை மட்டும்தான் எடுத்துக்கிட்டேன். மத்ததைக் குளிர் பார்த்துக்கும்னு..."

ஒரு அடி முன்னால் வைத்தார்.

தைஸ்தோ என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்தான். ஹில்யாவின் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றான்.

"வேணாம் அண்ணே" என்றான். "இது சர்க்கார் சொத்து. உடைஞ்சா எழுதிக் கொடுக்கணும்."

"நோட்டு எங்கே?" என்றார் கௌகோ.

"பன்னிரண்டரைக்கே காவலர் கையில குடுத்தாச்சு. வயல் ரோட்டுல வந்து நில்லுங்கன்னு சொல்லியும் ஆச்சு. எங்களை வெட்டினாலும் எண் எண்ணாத்தான் இருக்கும்" என்றாள் ஹில்யா.

கௌகோவின் கண் சரிவில் இறங்கியது. வயல் சாலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதைக் கடந்துவிட்டால் ஏரி, அப்புறம் அக்கரை. கோடாலியை எறிந்துவிட்டு ஸ்கீ கோல்களை ஊன்றினார்.

"அந்தப் பக்கம் போகாதீங்க!" ஹில்யா நிஜமாகவே கத்தினாள். "காட்டோரம் ஆழம்!"

"வயல்ல என்னடி ஆழம்!"

போனார். பெரிய உடம்பு, நல்ல வேகம். விளிம்பில் நின்ற மரங்களுக்கு நடுவே புகுந்தார். அறுபத்து மூன்றாம் குச்சிக்குப் பக்கத்தில் ஸ்கீயின் மூக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கீழே போயின. பின்னாலேயே கௌகோவும் போனார். சத்தமில்லை. வெள்ளைத் தூசி எழுந்தது. தூசி அடங்கியபோது ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும் இருந்தன. தலை கத்திக்கொண்டிருந்தது. கை எதைப் பிடித்தாலும் அது கரைந்தது.

"செத்துட மாட்டாரு" என்றாள் ஹில்யா. "அசைய அசைய இறங்குவாரு, அவ்வளவுதான். நீ வா. ஓடணும். ஐம்பத்தாறுக்கு."

"எங்கே? அந்தக் கரடிகிட்டயா!"

"எந்தக் கரடி?"

*

திரும்பி ஓடும்போது அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். "ஸ்கீ ஏரியில நிக்குதுன்னா அவ காலு வெறும் காலு. ஸ்கீ இல்லாத அறுபது வயசுக்காரி எண்பது சென்டிமீட்டர்ல நடக்க முடியுமா? முடியாது. முப்பதுல முடியும். அவளுக்கு எந்தக் குச்சியில எவ்வளவுன்னு மனப்பாடம். சின்ன எண்ணாப் பார்த்துப் பார்த்து ஓடியிருப்பா. அறுபதுல முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதுல முப்பத்து நாலு, ஐம்பத்தெட்டுல இருபத்தேழு. நோட்டுலயே ரொம்பச் சின்ன எண் எது தெரியுமா? ஐம்பத்தாறு. ஒன்பது சென்டிமீட்டர். அந்தக் கிழட்டு மரம். உள்ள காஞ்ச தரை, சுத்தி கிளைச் சுவரு, வெளியில பனி மெத்தை. கூடாரம்பா அது."

"மூச்சு வெள்ளை..."

"நீதான் பார்த்த. நான் பார்க்கல. நீ தேன்கையர்னதும் எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிடுச்சு. கோடாலிக்காரன் நாலடியில நிக்கிறான். வேற என்ன கத்த?"

"பையைப் போட்டது?"

"கம்பளி, காபி, ரொட்டி. வேற எதுக்கு இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு வந்தேன்?"

மரத்தடியில் பை இல்லை. அது கிடந்த இடத்திலிருந்து பாவாடைக்குள் இழுத்துக்கொண்ட தடம் இருந்தது. ஹில்யா மண்டியிட்டுக் கிளையை விலக்கினாள். தைஸ்தோ கண்ணை மூடிக்கொண்டான். கரடி இல்லை என்று தலைக்குத் தெரியும், முழங்காலுக்கு இன்னும் தெரியாது.

உள்ளேயிருந்து காபி வாசனை வந்தது.

வியெனோ கம்பளிக்குள் சுருண்டு, அடிமரத்தில் சாய்ந்து, பிளாஸ்க் மூடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு நீலம். ஒரு கை விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கண் மட்டும் நன்றாக விழித்திருந்தது.

"கரடின்னு கத்தினது யாரு?" என்றாள், பல் அடிக்க.

"நான்தான்."

"பயமா இருந்துச்சா?"

"உன் சத்தத்தைக் கேட்டா அவனுக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயமா இருந்துச்சு" என்றாள் ஹில்யா. கையுறையைக் கழற்றி அந்த வெளுத்த விரல்களைத் தன் கழுத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். "தைஸ்தோ, கீழே போ. காவலர் இந்நேரம் வந்திருப்பாங்க. சறுக்குவண்டியைக் கொண்டு வரச் சொல்லு."

"தம்பி." வியெனோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அறுபத்திரண்டும் மூணும் அளக்கலை. போற வழிதானே."

"அறுபத்து மூணை கௌகோ அளந்துகிட்டிருக்கார். அக்குள் வரைக்கும்."

"அக்குள்னு ஒரு அளவு கிடையாது. கோலை நேரா இறக்கணும். தரை தட்டுதான்னு பார்க்கணும். கூட்டி எழுதாதே, குறைச்சும் எழுதாதே."

தைஸ்தோ போனான். வெட்டவெளி முழுவதையும் தனியாகக் கடந்தான். அறுபத்திரண்டில் நின்று கோலை இறக்கினான், எழுபத்தொன்று. வயல் சாலையில் இரண்டு காவலர்கள் மண்வெட்டியோடு இறங்குவது தெரிந்தது. கையை வீசி, மேலே காட்டைக் காட்டி, உயிரோடிருக்கிறாள் என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒருவர் உடனே சறுக்குவண்டியை இழுக்கத் திரும்பினார்.

அறுபத்து மூன்றாம் குச்சிக்கு வந்தான். கௌகோ கத்துவதை நிறுத்தியிருந்தார். தாடையில் பனி. தைஸ்தோ அவருக்கு எட்டாத தூரத்தில் ஸ்கீயைக் குறுக்கே போட்டு அதன் மேல் நின்று, கோலை நேராக இறக்கினான். இறங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது. கடைசியில் வாய்க்காலின் உறைந்த அடி தட்டியது. குனிந்து பார்த்தான். ஒரு தடவை பார்த்தது போதாமல் இன்னொரு தடவை பார்த்தான்.

"எவ்வளவு?" என்றார் கௌகோ, பல்லிடுக்கில்.

"நூத்து முப்பத்தேழு" என்றான் தைஸ்தோ. "நீங்க நாப்பதுன்னு எழுதியிருந்தீங்க."